புது ஹைஸ்கூல் கட்டடத்தை பாத்து வீடு எடுத்தோம், ஸ்கூல் தொறக்கற வரைக்கும் நான் பட்ட பாடு

ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்த விஷயம் இது. பெரிய கிளாஸ் படிக்கற பிள்ளைய கூட்டிக்கிட்டு ஜூன், ஜூலைல அமெரிக்கா வர்றவங்க தயவு செஞ்சு முழுசா படிச்சிடுங்க, ஏன்னா இதுல பாதி விஷயம் எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு மாச தூக்கமும் நல்ல தொகையும் மிஞ்சியிருக்கும். நாங்க 2023 ஜூலைல கோயம்புத்தூர்ல இருந்து சிகாகோவுக்கு மேற்கால இருக்கற ஒரு புறநகருக்கு வந்தோம். பொண்ணு அப்பதான் சிபிஎஸ்இ ஒம்பதாவது முடிச்சிருந்தா. வீட்டுக்காரர் மூணு மாசம் முன்னாடியே வந்து வீடெல்லாம் பாத்து வெச்சுட்டார், ஆனா நாங்க வந்து எறங்கி பத்தாவது நாளே கம்பெனில இருந்து வேற ஸ்டேட்டுக்கு, கிளையண்ட் இடத்துக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சனி ஞாயிறு மட்டும்தான் வருவார். எனக்கு லைசென்ஸ் கிடையாது, கார் ஓட்ட தெரியாது, இங்க இருக்கறவங்க பேசற வேகத்துக்கு காது பழகவே ஒரு மாசம் ஆச்சு. ஸ்கூல்ல சேர்க்கற வேலை மொத்தமும் என் தலைல விழுந்துச்சு.

மொதல்ல வீட்டு கதைய சொல்லிடறேன், ஏன்னா தப்பு அங்கதான் ஆரம்பிச்சது. வீட்டுக்காரர் ரெண்டு அபார்ட்மென்ட் பாத்து வெச்சிருந்தார். ஒண்ணு 1,900 டாலர், இன்னொண்ணு 2,250. ரெண்டாவது வீடு இருக்கற ஏரியாவோட ஹைஸ்கூல் 1960கள்ல கட்டுன கட்டடம், அதை இடிக்காம உள்ள மொத்தமா மாத்தி புதுசாக்கிட்டு இருந்தாங்க. புது சயின்ஸ் லேப், புது லைப்ரரி, கண்ணாடி போட்ட முகப்புன்னு வரைஞ்சு வெச்ச படங்கள் எல்லாம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோட (அந்த ஏரியா அரசு ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) வெப்சைட்ல இருந்துச்சு. பாத்ததும் எனக்கு மனசு ரொம்பிடுச்சு. ஊர்ல விட்டுட்டு வந்த ஸ்கூலுக்கு ஈடா இவளுக்கு ஒண்ணு கிடைக்குதேன்னு நானேதான் அவரை வற்புறுத்தி 2,250 வீட்டை எடுக்க வெச்சேன். மாசம் 350 கூட, ஒரு வருஷ லீசுக்கு (வாடகை ஒப்பந்தம்) 4,200 டாலர். அந்த படத்துல இருந்த லைப்ரரிக்குள்ள என் பொண்ணு காலடி வெச்சது அடுத்த வருஷம் ஜனவரிலதான்.

இங்க இந்த வேலையெல்லாம் எப்படி நடக்குதுன்னா, டிஸ்ட்ரிக்ட் பாண்டு, அதாவது கடன் பத்திரம், வெளியிட அந்த ஊர் மக்கள் ஓட்டு போட்டு சம்மதிப்பாங்க, அந்த கடனை சொத்து வரில இருந்து பல வருஷம் அடைப்பாங்க. மத்த நாள்ல பிள்ளைங்க உள்ள இருக்கறதால பெரிய வேலை எல்லாத்தையும் கோடை லீவு ரெண்டு ரெண்டரை மாசத்துக்குள்ள அடைச்சு வைப்பாங்க, முடியாதது அடுத்த கட்டத்துக்கு போகும். அதனால 'புதுப்பிச்ச ஸ்கூல்'னு யார் சொன்னாலும் எந்த பகுதி, எந்த மாசம்னு கேளுங்க. இதை ஆபீஸ்ல போன் பண்ணி கேக்கறத விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. ஸ்கூல் போர்டு மீட்டிங்குக்கு முன்னாடி அஜெண்டா வெளிய போடுவாங்க, அது கூடவே கட்டட வேலை எந்த நிலைல இருக்குன்னு கான்ட்ராக்டர் குடுக்கற அறிக்கையும் சேர்ந்து இருக்கும், யார் வேணா படிக்கலாம். எங்க டிஸ்ட்ரிக்டோட ஜூன் மாச அஜெண்டாலயே 'கிழக்கு விங், லைப்ரரி, கேன்டீன் டிசம்பருக்கு தள்ளிப் போகுது'ன்னு தெளிவா எழுதியிருந்தாங்க. நான் அதை படிச்சது செப்டம்பர்ல. படிச்சப்போ யார் மேலயும் கோவம் வரல, ஆனா அந்த 4,200 டாலர் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. இன்னொண்ணும் பாத்துக்கோங்க, ஒரே ஊர் பேர்ல ரெண்டு மூணு ஹைஸ்கூல் இருக்கும், ரோட்டுக்கு அந்த பக்கம் ஒரு ஸ்கூல் இந்த பக்கம் ஒரு ஸ்கூல்னு எல்லை பிரிச்சிருப்பாங்க. லீஸ்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த கதவு நம்பரை வெச்சு எந்த ஸ்கூல்னு டிஸ்ட்ரிக்ட்கிட்டயே கேட்டு ஈமெயில்ல வாங்கிக்கோங்க, வீடு வாடகைக்கு விடற சைட்ல போட்டிருக்கறத நம்பாதீங்க.

அடுத்தது அட்மிஷன். இங்க டொனேஷன் கிடையாது, என்ட்ரன்ஸ் கிடையாது, அரசு ஸ்கூல், அட்ரஸ் இருந்தா சீட்டு உண்டு. ஆனா அந்த அட்ரஸை நிரூபிக்கறதுதான் பாடு. லீஸ் பேப்பர் ஒண்ணு, அது கூட கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ் கார்டு மாதிரி ரெண்டு மூணு பேப்பர், எல்லாத்துலயும் சேர்க்க வர்ற அப்பா அல்லது அம்மா பேர் இருக்கணும். எங்க வீட்ல லீஸ், கரண்ட் பில், பேங்க் எல்லாமே அவர் பேர்ல. அவர் ஊர்ல இல்ல. நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஊபர் பிடிச்சு போனா, கவுன்ட்டர்ல இருந்த அம்மா பேப்பரை எல்லாம் புரட்டிப் பாத்துட்டு 'உங்க பேர் எதுலயுமே இல்லையே'ன்னாங்க. நான் அவர் மனைவின்னு மேரேஜ் சர்டிபிகேட்டை காட்டுனேன். அது கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம், இந்த வீட்ல நீங்க இருக்கறதுக்கு ஆதாரம் இல்லன்னாங்க. அவங்க சொன்னது சரிதான், அப்ப எனக்கு அழுகைதான் வந்துச்சு. பொண்ணு பக்கத்துல நின்னு என் கைய பிடிச்சுக்கிட்டே 'அம்மா, பரவால்ல, வா போலாம்'ங்கறா. அபார்ட்மென்ட் ஆபீஸ்ல போய் லீஸ்ல என்னையும் பொண்ணையும் குடியிருக்கறவங்கன்னு சேர்த்து ஒரு திருத்தம் வாங்கி, அவர் அங்க இருந்து ஆன்லைன்ல கையெழுத்து போட்டு, அது கைக்கு வர நாலு நாள். அப்பறம் பேங்க்ல என் பேரையும் சேர்த்து ஒரு ஸ்டேட்மென்ட். மொத்தம் ஒம்பது நாள் போச்சு. வீடு எடுக்கறப்பவே ரெண்டு பேர் பேரையும் லீஸ்ல போட்டுடுங்க, கரண்ட் அவர் பேர்லன்னா இன்டர்நெட் உங்க பேர்ல வாங்குங்க. அப்ப அஞ்சு நிமிஷ வேலை, எனக்கு ஒம்பது நாள்.

ஸ்கூல் சேர்க்கை ஃபாரத்துல சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கு (நம்ம ஆதார் நம்பர் மாதிரி) ஒரு கட்டம் இருந்துச்சு. பொண்ணு அப்பாவோட வேலை விசாவ சார்ந்த எச்4 விசால வந்தவ, அவளுக்கு நம்பரே கிடையாது. அந்த கட்டத்தை காலியா விட்டா சேர்த்துக்க மாட்டாங்களோன்னு ராத்திரி முழுக்க பயந்துக்கிட்டு இருந்தேன். பயப்படவே வேண்டியதில்ல. அந்த நம்பர் இல்லங்கறதுக்காக அரசு ஸ்கூல் எந்த பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது. குடியுரிமை, விசா நிலவரத்தை காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கு பள்ளிப் படிப்பை மறுக்க கூடாதுன்னு இந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் 1982லயே தீர்ப்பு சொல்லியிருக்கு. அதே மாதிரி வீட்டை இழந்து, பண கஷ்டத்துல சொந்தக்காரங்க வீட்லயோ நண்பர் வீட்லயோ ஒண்டிக்கிட்டு இருக்கற குடும்பத்து பிள்ளைங்கள பேப்பர் எதுவும் இல்லாமலே உடனே சேர்த்துக்கணும்னு தனி சட்டமே இருக்கு, ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்லயும் அதுக்குன்னு ஒரு பொறுப்பாளர் இருப்பாங்க. வேலை போய் நடுத்தெருவுல நிக்கற குடும்பம் நம்ம ஆளுங்கள்லயும் இருக்காங்க, வெளிய சொல்லிக்க மாட்டாங்க, அதனாலதான் இதை இங்க எழுதறேன்.

இப்ப தடுப்பூசி. என்னை ரொம்ப வாட்டுனது இதுதான். ஊர்ல பிறந்ததுல இருந்து எல்லா ஊசியும் ஒழுங்கா போட்டிருக்கோம், அந்த மஞ்ச அட்டைய லேமினேட் பண்ணி கொண்டு வந்திருந்தேன், அதனால தைரியமா இருந்தேன். ஸ்கூல் நர்ஸ் அட்டைய ஒவ்வொரு வரியா விரல் வெச்சு பாத்துக்கிட்டே வந்து, தட்டம்மை ஊசில நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல மொத தட்டம்மை ஊசி ஒம்பதாவது மாசத்துல போடுவாங்க இல்லையா, இங்க மொத பிறந்தநாளுக்கு முன்னாடி போட்டது கணக்குல வராது. பதினஞ்சாவது மாசம் போட்ட எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்து போடற ஊசி) மட்டும்தான் ஒண்ணு, இங்க ரெண்டு வேணும். அஞ்சு வயசுல போட வேண்டிய ரெண்டாவது எம்எம்ஆர் எப்படியோ விட்டுப் போயிருந்துச்சு, நான் ஒம்பதாம் மாச ஊசியையும் சேர்த்து ரெண்டுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அம்மை ஊசி, அதாவது சின்னம்மைக்கு போடறது, ஒரு தடவைதான் போட்டிருந்தோம், இங்க அதுவும் ரெண்டு. பத்து வயசுல போட்ட டிடி (ரணஜன்னி) ஊசி இருக்கேன்னா, இல்ல கக்குவான் இருமலுக்கும் சேர்த்து போடற டிடாப்தான் வேணும்னாங்க. அப்பறம் மூளைக்காய்ச்சல் (மெனிங்கோகாக்கல்) ஊசி ஒண்ணு, அது நம்ம அட்டைலயே கிடையாது. ஆக நாலு ஊசி.

இங்க நான் பண்ணுன தப்பை நீங்க பண்ணிடாதீங்க. இன்சூரன்ஸ்ல எங்க பேரை சேர்க்க அவர் ஃபாரம் போட்டிருந்தார், கார்டு இன்னும் வரல. ஸ்கூல் தொறக்க மூணு வாரம்தான் இருக்குங்கற பதட்டத்துல பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடுனேன். அவங்ககிட்ட அம்மை ஊசியும் டிடாப்பும் இருந்துச்சு, எம்எம்ஆர் ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. சரி, இருக்கறத போட்டுடலாம்னு போட்டுட்டேன். அடுத்த வாரம் வேற இடத்துல எம்எம்ஆர் போட போனா, அங்க இருந்த நர்ஸ் 'போன வாரம் அம்மை ஊசி போட்டிருக்கீங்களே, இன்னைக்கு போட முடியாது'ன்னாங்க. எம்எம்ஆரும் அம்மை ஊசியும் ரெண்டுமே உயிருள்ள கிருமிய வலுவிழக்க வெச்சு செய்யற ஊசி. ஒரே நாள்ல ரெண்டையும் போடலாம், ஒரே நாள்ல போடலன்னா நடுவுல 28 நாள் இடைவெளி விடணும். என் பொண்ணுக்கு அந்த 28 நாள் முடியறது ஆகஸ்ட் 25, ஸ்கூல் தொறக்கறது அதுக்கும் முன்னாடி. அந்த கிளினிக் வாசல்ல இருந்த பெஞ்சுல உக்காந்து காலண்டரை திரும்ப திரும்ப எண்ணிக்கிட்டே இருந்தேன், எப்படி எண்ணுனாலும் 25தான் வருது.

பணம் எவ்வளவு போச்சுன்னா, டாக்டர் பாத்ததுக்கும் நாலு ஊசிக்கும் சேர்த்து 610 டாலர் கையில இருந்து. பின்னாடி கிளெய்ம் போட்டும் பாதிகூட திரும்ப வரல, ஏன்னா அந்த கிளினிக் எங்க இன்சூரன்ஸோட நெட்வொர்க்ல இல்ல. கார்டு வர்ற வரைக்கும் பத்து நாள் பொறுத்து நெட்வொர்க்ல இருக்கற டாக்டர்கிட்ட போயிருந்தா இந்த ஊசிகளுக்கு ஒரு காசு குடுத்திருக்க வேண்டியதில்ல. இன்சூரன்ஸே இல்லாத 19 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு அரசாங்கமே ஊசிய இலவசமா குடுக்கற திட்டம் ஒண்ணும் 1994ல இருந்து நடந்துக்கிட்டு இருக்கு, கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறை கிளினிக்ல போடுவாங்க, ஊசி போடற கூலின்னு ஒரு சின்ன தொகை மட்டும் கேப்பாங்க, அதையும் குடுக்க முடியலன்னா ஊசிய மறுக்க கூடாது. இதை எனக்கு சொன்னது எங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீட்ல இருக்கற மதுரைக்கார அக்கா, அதுவும் எல்லாம் முடிஞ்சப்பறம். அவங்க பையனுக்கு டிபி பாக்க கைல தோலுக்கடில ஊசி போட்டு, ஊர்ல பிறந்ததும் டிபிக்கு போடற பிசிஜி ஊசி போட்டிருந்ததால வீங்கி, அப்பறம் எக்ஸ்ரே வரைக்கும் போயிருக்காங்க. ரத்தத்துல எடுக்கற டெஸ்ட் பிசிஜினால குழம்பாது, டிபி டெஸ்ட் வேணும்னு சொன்னா அதையே கேளுங்க. ஊர்ல இருந்து கெளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ரெண்டாவது எம்எம்ஆர், ரெண்டாவது அம்மை ஊசி ரெண்டையும் ஒரே நாள்ல போட்டு, டாக்டர் லெட்டர்ஹெட்ல மாசத்தை எழுத்துல எழுதி தேதி போட்டு வாங்கிடுங்க. 5/8னு எழுதுனா இவங்க மே எட்டுன்னு படிப்பாங்க. ஆனா ஸ்கூல்ல சேர கேக்கற உடம்பு பரிசோதனைய மட்டும் ஊர்ல எடுக்காதீங்க, இந்த மாநிலத்தோட ஃபாரத்துல இங்க லைசென்ஸ் இருக்கற டாக்டர் எழுதுனாதான் செல்லும். அந்த ஃபாரத்துல பழைய நோய் விவரம் கேக்கற பகுதிய அப்பா அம்மா நிரப்பி கையெழுத்து போடணும், டாக்டர் கையெழுத்தையே பாத்துக்கிட்டு இதை விட்டுட்டேன், அதுக்கு ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, போக வர ஊபர் 38 டாலர்.

கடைசில எப்படி உள்ள விட்டாங்கன்னா, ஆகஸ்ட் 25க்கு அப்பாயின்ட்மென்ட் இருக்குன்னு கிளினிக்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, வெளி ஊர்ல இருந்து வந்த பிள்ளைங்களுக்கு அதை வெச்சு கிளாஸ்ல உக்கார வைக்கலாம்னு நர்ஸே சொன்னாங்க. இப்படி ஒரு வழி இருக்குன்னு நானா கேட்டப்பறம்தான் தெரிஞ்சுது. 'முடியாது'ன்னு யாராவது சொன்னா 'அப்ப இப்போதைக்கு என்ன பண்ணலாம்'னு இன்னொரு கேள்வி கேளுங்க, நம்மள்ல நெறைய பேர் முடியாதுங்கற வார்த்தையோட திரும்பி வந்துடறோம், நானும் வந்திருக்கேன்.

ஸ்கூல் தொறந்த அன்னைக்கு நடந்தது எனக்கு இன்னும் மனசுல இருந்து போகல. காலண்டர்ல ஆகஸ்ட் 16 புதன்கிழமைன்னு போட்டிருந்துச்சு. காலைல ஆறரைக்கே கெளம்பி, பொண்ணுக்கு சாமி கும்பிட்டு விபூதி வெச்சு, பஸ் வர்ற முனைல போய் நின்னோம். ஆறு அம்பது, ஏழு, ஏழே கால். வேற ஒரு பிள்ளை கூட இல்ல. பஸ் போயிடுச்சோன்னு பயம், அவ முகம் சுருங்கிக்கிட்டே வருது. ஏழரைக்கு நாய கூட்டிக்கிட்டு வந்த ஒரு பெரியவர்தான் 'ஸ்கூல் அடுத்த வாரம்தானே'ன்னு சொன்னார். கட்டடத்துல ஆள் புழங்கலாம்னு குடுக்கற சான்றிதழ், மொத்த வேலையும் முடியலன்னா முடிஞ்ச பகுதிக்கு மட்டும் தற்காலிகமா குடுப்பாங்க, அது கைக்கு வர தாமதம் ஆனதால ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. திங்கக்கிழமையே எல்லா பெத்தவங்களுக்கும் போனும் மெயிலும் போயிருக்கு. எங்களுக்கு வந்தது அவர் போனுக்கு. மொத ஃபாரத்தை அவர்தான் ஆன்லைன்ல ஆரம்பிச்சு வெச்சார், அதனால அவர் நம்பரும் மெயிலும்தான் முதல் தொடர்பு, தெரியாத நம்பர்ல இருந்து பதிவு பண்ணுன குரல் வந்ததும் விளம்பரம்னு நெனச்சு கட் பண்ணிட்டார். அவ வீட்டுக்கு வந்து யூனிஃபார்ம் இல்லாத ஊர்ல ஆசையா எடுத்த புது டிரஸ்ஸை மடிச்சு திரும்ப அலமாரில வெச்சா, ஒண்ணும் பேசல. அன்னைக்கே ஆபீஸுக்கு மெயில் எழுதி என் நம்பரை முதல்ல போட வெச்சேன். ஸ்கூல் ஆபீஸ், அட்டெண்டன்ஸ், பஸ் டிப்போ இந்த மூணு நம்பரையும் பேர் போட்டு போன்ல சேவ் பண்ணுங்க, அப்பதான் அழைப்பு வந்தா எடுப்பீங்க.

ஒரு வாரம் கழிச்சு நெஜமாவே தொறந்தாங்க. கட்டடத்துக்கு வெளிய ஒவ்வொரு கதவுக்கும் பெருசா நம்பர் ஒட்டியிருக்கும், எதாவது ஆபத்துன்னா போலீஸ், தீயணைப்புக்காரங்க கண்டுபிடிக்கறதுக்கு. அந்த நம்பரை வெச்சுதான் எல்லா அறிவிப்பும் வரும். ஒரு பக்கம் வேலை நடந்ததால பஸ்ஸை பழைய வாசலுக்கு பதிலா 14ஆம் நம்பர் கதவுல நிறுத்துனாங்க. பொண்ணு கைல இருந்த மேப் பழைய கட்டடத்துக்கு, ரூம் நம்பர் எல்லாம் மாறிப் போச்சு, பாதி காரிடார்ல தரைல இருந்து மேல வரைக்கும் பிளாஸ்டிக் ஷீட் கட்டி நடுவுல ஜிப் வெச்சு அடைச்சிருக்காங்க, அந்த பக்கம் ஒரு மெஷின் உறுமிக்கிட்டே இருக்கு. மூணு கிளாஸுக்கு லேட். கேன்டீன் இல்லாததால ஜிம்ல மடக்கு மேஜை போட்டு டப்பா சாப்பாடு, அவ கறி சாப்பிட மாட்டா, சீஸ் வெச்ச பிரெட் ஒண்ணுதான் மிச்சம். அடுத்த நாள்ல இருந்து தயிர்சாதம் கட்டிக் குடுத்தேன். வேலை நடக்கற ஸ்கூல்னா மொத வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் டைம்டேபிளை கைல வெச்சுக்கிட்டு உள்ள நடந்து பாக்க அனுமதி கேளுங்க, புதுசா வர்ற பிள்ளைங்களுக்குன்னு கேட்டா பெரும்பாலும் சரின்னுடுவாங்க, கீழ் வீட்டு அக்கா பையன் அப்படித்தான் போய் பாத்துட்டு வந்தான்.

ரெண்டாவது வாரத்துல இவளுக்கு இருமல் ஆரம்பிச்சது. சின்ன வயசுல வீசிங் இருந்த பொண்ணு, ஆறு வருஷமா ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. புது பெயின்ட், தரைக்கு ஒட்டற பசை, சுவர் உடைச்ச தூசி, ஏசி இன்னும் சரியா செட் ஆகல, ஜன்னல் தொறக்க முடியாது. ஒரு நாள் மூணாவது பீரியட்ல நர்ஸ் கிட்ட இருந்து போன். நான் போய் சேர இருபது நிமிஷம், அந்த இருபது நிமிஷம் எப்படி போச்சுன்னு எனக்குதான் தெரியும். இங்க பிள்ளை பையில தானா மாத்திரை, இன்ஹேலர் வெச்சுக்க கூடாது, ஆனா ஆஸ்துமா இன்ஹேலரை தன்கூடவே வெச்சுக்க நாம எழுத்துல அனுமதி குடுத்து, மருந்துச்சீட்டு லேபிளோட ஸ்கூல்ல ஃபாரம் குடுத்துட்டா அனுமதிக்கணும். வீசிங் வரலாறு இருந்தா மொத நாளே இதை பண்ணிடுங்க. நான் இன்ஹேலர வீட்ல வெச்சிருந்தேன்.

எனக்கு இன்னொரு பயம், ஆஸ்பெஸ்டாஸ், தூசியா மூச்சுல போனா நுரையீரலை கெடுக்கற நார். 60கள்ல கட்டுன கட்டடத்துல தரை ஓடு, பைப் மேல சுத்துன உறை இதுலயெல்லாம் அது இருக்க வாய்ப்பு அதிகம், உடைக்கறப்பதான் ஆபத்து. 1986ல வந்த ஒரு மத்திய சட்டப்படி ஒவ்வொரு ஸ்கூலும் எந்த இடத்துல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, என்ன பண்ணியிருக்காங்கன்னு ஒரு ஃபைல் வெச்சிருக்கணும், மூணு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப சோதிக்கணும், பெத்தவங்க கேட்டா 5 வேலை நாளுக்குள்ள காட்டணும், காசு கேக்க கூடாது. இதை கேட்டா பிரச்சன பண்றவன்னு நெனப்பாங்களோன்னு ரெண்டு நாள் தயங்குனேன், அப்பறம் மூணு வரில மெயில் எழுதுனேன். நாலாவது நாள் கூப்ட்டாங்க. தடி ஃபைல் ஒண்ணு, ரூம் வாரியா பக்கம், ஒம்பது இஞ்சு தரை ஓடு எந்த ரூம்ல எத்தனை சதுர அடி, எந்த தேதில எடுத்தாங்க, எடுத்தப்பறம் காத்தை சோதிச்ச ரிப்போர்ட் வரைக்கும் இருந்துச்சு. பொண்ணோட ஆறு ரூமையும் ஒண்ணு ஒண்ணா தேடி பாத்தேன், எல்லாத்துலயும் எடுத்து முடிச்சதா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரிதான் நல்லா தூங்குனேன். பக்கத்துல நின்ன பராமரிப்பு ஆபீசர் ரொம்ப மரியாதையா ஒவ்வொண்ணா விளக்குனார், அவருக்கு இன்னைக்கும் நன்றி சொல்லணும்.

பாடம் பத்தி சொல்லலன்னா இது முடியாது. இங்க அடுத்த வருஷத்துக்கு என்னென்ன பாடம்னு பிள்ளைங்க பிப்ரவரி மாசத்தை ஒட்டியே தேர்ந்தெடுத்து முடிச்சுடுவாங்க, ஆகஸ்ட்ல வர்றவங்களுக்கு மிஞ்சி இருக்கறதுதான். அதை விட பெருசு கணக்கு. இங்க ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் நாலு வருஷமும் ஹைஸ்கூல், கணக்கை ஆல்ஜீப்ரா ஒண்ணு, ஜியாமெட்ரி, ஆல்ஜீப்ரா ரெண்டுன்னு வருஷத்துக்கு ஒண்ணா பிரிச்சு நடத்துவாங்க. நம்ம சிபிஎஸ்இல எல்லாம் கலந்து வரும். மார்க்‌ஷீட்ல வெறும் 'மேத்தமேட்டிக்ஸ்'னு இருந்ததால பாடம் எடுக்க வழிகாட்டற ஸ்கூல் கவுன்சிலர் இவளை ஆல்ஜீப்ரா ஒண்ணுல, தன்னை விட ஒரு வயசு சின்ன பிள்ளைங்களோட போட்டுட்டாங்க. ரெண்டு மாறி சமன்பாட்ட முடிச்சுட்டு வந்தவளுக்கு ஒரு மாறி சமன்பாடு. தினமும் வந்து 'அம்மா, இதெல்லாம் ஏழாவதுல படிச்சது'ன்னு சொல்லுவா. எந்த நிலை கணக்குல போடலாம்னு பாக்கற பிளேஸ்மென்ட் டெஸ்ட் வையுங்கன்னு நான் கேட்டு, அவங்க வெச்சு, ஜியாமெட்ரிக்கு மாத்தறப்ப நாலு வாரம் ஓடிப் போச்சு. அங்க நிரூபணத்தை நடுவுல கோடு போட்டு இடது பக்கம் கூற்று, வலது பக்கம் காரணம்னு ரெண்டு பத்தியா எழுதணும், விடை சரியா இருந்தும் அமைப்பு தெரியாம மொத டெஸ்ட்ல மார்க் போச்சு. ஊர்ல இருந்து வரும்போதே ஒம்பதாவது கணக்கு பாடத்திட்டத்தை, தலைப்பு வாரியா, ஸ்கூல் சீல் போட்டு பிரின்சிபால் கையெழுத்தோட கொண்டு வாங்க, பழைய நோட்டு ரெண்டும் கொண்டு வாங்க. சேர்க்கற அன்னைக்கே பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுத்துல கேளுங்க.

வீட்ல என்ன மொழின்னு ஒரு ஃபாரம் குடுப்பாங்க. தமிழ்னு உண்மைய எழுதுனா பிள்ளைக்கு ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் வெப்பாங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பிள்ளைக்கு எதுக்குன்னு சிலர் இங்கிலீஷ்னு எழுதச் சொல்றாங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. உண்மையவே எழுதுங்க. இவ எழுதுனா, பாஸ் பண்ணிட்டா, அதோட முடிஞ்சுது. பாஸ் ஆகலன்னாலும் ஸ்கூல் தொறந்து 30 நாளுக்குள்ள நமக்கு எழுத்துல சொல்லணும், அந்த தனி வகுப்பு வேணாம்னு சொல்ற உரிமை நமக்கு இருக்கு.

இப்ப நிலவரம் என்னன்னா, ஜனவரில லைப்ரரியும் கேன்டீனும் தொறந்துட்டாங்க, நல்லாவே இருக்கு, பொண்ணு சாயங்காலம் அங்கதான் உக்காந்து படிக்கறா. வீசிங் இல்ல, ஆனா இன்ஹேலர் பையில இருக்கு. பன்னெண்டாவதுல கால்குலஸ் எடுக்கணும்னா நடுவுல ஒரு வருஷ கணக்கை முந்தணும், அதுக்காக கோடைல ஆல்ஜீப்ரா ரெண்டு எடுக்கறதா முடிவு பண்ணியிருக்கா. அதுக்கு பதிவு ஆரம்பிக்கற அன்னைக்கு காலைல ஏழு மணிக்கே நான் லேப்டாப் முன்னாடி உக்காந்துட்டேன், ஏழு அஞ்சுக்கு கன்ஃபர்ம் ஆன மெயில் எனக்கும் அவருக்கும் சேர்ந்தே வந்துச்சு.